உள்நோக்கத்தைச் செயலில் தேடுங்கள்

வேலணைத் தீவின் சாட்டி மாவீரர் துயிலுமில்லத்தில் நவம்பர் 27, மாவீரர் நாளன்று விளக்கேற்றும் தாயின் மனத்தில் பிள்ளையின் நினைவு மட்டும் இருக்கிறதா, விடுதலைப் புலிகள் இயக்கத்தின் மீது பற்றும் இருக்கிறதா என்று ஆராய்வது பொலிஸாரின் வேலையுமல்ல, நீதிமன்றத்தின் வேலையுமல்ல. வன்முறை நடந்திருந்தால்தான் கொள்கை உள்நோக்கம் பற்றிய கேள்வியே எழ வேண்டும். அப்போதும் அதற்கான பதிலை, செய்த செயலிலிருந்தே எடுக்க வேண்டும்.

அது முடியும் என்பதற்கு இதே தீவில் ஒரு வழக்கு இருக்கிறது. 2001 டிசம்பர் 5 பொதுத்தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 28 அன்று, தீவகத்துக்குப் பிரசாரத்துக்கு வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டனர். இருவர் கொல்லப்பட்டனர், பலர் காயமடைந்தனர். 2016இல் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியைச் (ஈ.பி.டி.பி.) சேர்ந்த மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டு மரண தண்டனை விதித்தது. (மரண தண்டனையை நாம் ஏற்பதில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விடயம்.) அரசியல் பகையே அந்தத் தாக்குதலுக்குக் காரணம் என்பதில் ஊரில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆயினும் அவர்கள் தண்டிக்கப்பட்டது ஒரு கட்சியை நம்பியதற்காக அல்ல, கொலைக்காக. கூட்டமாகக் கூடியவர்களின் பொது நோக்கம் என்ன என்று கேட்கும் தண்டனைச் சட்டக்கோவையும், உள்நோக்கத்தைத் தொடர்புடைய நிகழ்வாக ஏற்கும் சான்றுக் கட்டளைச் சட்டமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. யார் வழிமறித்தார், கையில் என்ன இருந்தது, யார் குறிவைக்கப்பட்டார் என்று சாட்சிகள் மன்றில் சொல்ல, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பதினைந்து ஆண்டுத் தாமதத்தை மன்னிக்க முடியாது. வழி மட்டும் சரியானது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் வழி வேறு. பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது என்பது நமது பழைய சான்று விதி. 1979ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் சுமையையும் எதிரியின் தலையில் வைத்தது. நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு 1995இல் 50 ஆண்டுச் சிறை கிடைத்தது அப்படித்தான். சிங்களம் வாசிக்கத் தெரியாத அவர், சிங்களத்தில் தட்டச்சிட்ட வாக்குமூலத்தில் விரலடையாளம் வைத்தார். 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவரது உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் தர மறுத்தது.

கடலுக்கு அப்பாலும் இதே முடிச்சு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999 மே 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் உள்நோக்கத்தை நுணுகி ஆராய்ந்தது. அரசை மிரட்டிப் பணியவைப்பதோ மக்களிடையே பீதி பரப்புவதோ சதியின் நோக்கம் என்று நிறுவப்படவில்லை எனச் சொல்லி, இந்தியப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழான பயங்கரவாதக் குற்றத்தைத் தள்ளியது. ஆனால் அதே தடாவின் கீழ் பதிவான வாக்குமூலங்களை ஏற்று நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது. அவர்களுள் ஒருவரான பேரறிவாளன், தான் வாங்கிக் கொடுத்த மின்கலங்கள் எதற்கு என்று தனக்குத் தெரியாது எனச் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜனே 2013இல் கூறினார். ஒரு மனிதன் என்ன அறிந்திருந்தான் என்பதை அவனை விசாரித்த அதிகாரியின் பேனா முடிவு செய்தது.

வன்முறையே இல்லாத இடத்திலும் நமது பயங்கரவாதத் தடைச் சட்டம் மனத்தைத் தோண்டியது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் ஒரு கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் கைதானார். 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2021 மே 18 அன்று மட்டக்களப்பு, கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்த பத்துப் பேர் மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தனர்.

எழுத்தையும் பேச்சையும் நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் தாக்குதலுக்குச் சற்று முன்னர் தன் இனவெறி அறிக்கையை வெளியிட்டான். கொலைகளைத் தானே நேரலையாக ஒளிபரப்பினான். அங்கே எழுத்தும் செயலும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. 2020இல் நியூசிலாந்து நீதிமன்றம் அந்த வெறியையும் கணக்கில் எடுத்து, பரோல் இல்லாத ஆயுள் சிறை விதித்தது. கொள்கை தண்டனையைக் கூட்டலாம். செய்யாத குற்றத்தை அது உண்டாக்கக் கூடாது.

விளக்கேற்றுவோரின் உள்ளத்தை இவ்வளவு அக்கறையோடு துருவும் அரசு, 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டது எந்த வெறியால் என்று எந்த மன்றிலும் கேட்டதில்லை. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் வீட்டுக்குள் சுடப்பட்டவர்களுக்காகவும் எவரும் தண்டிக்கப்படவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எந்தச் சட்டம் வந்தாலும், தடுப்புக் காவலில் பெற்ற ஒப்புதலுக்கு அதில் இடமிருக்கக் கூடாது. கொள்கை உள்நோக்கத்தை வழக்குத்தொடுநர் குற்றச் செயலோடு இணைத்து, நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட வேண்டும். அதுவரை காத்திராமல், சாதாரண தண்டனைச் சட்டக்கோவையின் கீழேயே அல்லைப்பிட்டிக் கொலைகளுக்குச் சட்டமா அதிபர் வழக்குத் தொடுக்க வேண்டும்.