இ20 பெட்ரோல் வந்தாச்சு... பைக்கின் ‘மூக்கை’க் கழற்றலாமா?

‘மைலேஜ் குறைஞ்சுடுச்சு ப்ரோ!’ பெட்ரோல் பங்க் தொடங்கி டீக்கடை வரை பைக் ஓட்டுறவங்க புலம்பல் இதுதான். காரணமாகக் கைகாட்டப்படுவது இ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்குள் எட்டவேண்டிய இந்த இலக்கை மத்திய அரசு 2025-க்கே முன்னால் கொண்டுவந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, பங்கில் கிடைப்பதைத்தான் நாம் போட்டாக வேண்டும்.

இதே நேரத்தில் இன்னொரு டிரெண்டும் ஓடுகிறது. ‘சைலன்ஸரை மாத்து, ஆக்ஸிஜன் சென்ஸாரைக் கழட்டு, மேப் போடு... பிக்-அப் பறக்கும்!’ இ20 காலத்தில் பைக்குக்கு ரொம்பத் தேவையான பொருளையே கழற்றி வீசும் வேலை இது.

சென்ஸார் என்ன செய்கிறது?

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 வந்தபிறகு, பெரும்பாலான பைக்குகள் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இவற்றின் எக்ஸாஸ்ட் பைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார்தான் இன்ஜினின் மூக்கு. புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மோந்து பார்த்து, சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை சிக்னல் அனுப்பும். 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம். கீழே வந்தால் காற்று அதிகம். இதை வைத்து இசியு, நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும்.

1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராமே போதும். கலந்து பார்த்தால் இ10-க்குச் சுமார் 14.1, இ20-க்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு, இ10-ஐவிட இ20 சுமார் 4% கூடுதலாகப் பீய்ச்சப்பட வேண்டும். டேங்கில் என்ன ஊற்றினோம் என்பது சென்ஸாருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். புகையைப் பார்த்தே கணக்கைச் சரிசெய்துவிடும். சென்ஸார் இல்லாத பழைய கார்புரேட்டர் பைக்குகளுக்கு இந்த வசதி கிடையாது. திராட்டில் கொடுக்கும்போது திணறினால், மெக்கானிக்தான் ஜெட்டையும் மிக்ஸர் ஸ்க்ரூவையும் பார்க்க வேண்டும்.

கழற்றினால் என்ன ஆகும்?

சென்ஸாரைக் கழற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை மாட்டிவிடுகிறார்கள். இசியு ஏமாந்து, மனப்பாடம் செய்த மேப்பை மட்டும் வைத்து ஓட்டும். அந்த மேப் எந்தப் பெட்ரோலுக்குப் போடப்பட்டதோ, அதற்குத்தான் சரி. பெட்ரோல் குறைவாகப் போனால் இன்ஜின் சூடாகும். அதிகமாகப் போனால் மைலேஜ் அடிவாங்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சீக்கிரம் காலி.

அப்போ டியூனிங்கே தப்பா? இல்லை. ஐட்லிங்கிலும் சீரான வேகத்திலும்தான் இசியு சென்ஸார் சொல்வதைக் கேட்கும். முழு திராட்டிலில் அது மேப்பைத்தான் நம்பும். அந்த இடத்தில் பவருக்காக 12.5 முதல் 13 வரை விகிதத்தை வைப்பார்கள். இதைக் கம்பெனி சென்ஸாரால் அளக்க முடியாது. ‘அதிகமா, குறைவா’ என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். வைடுபேண்ட் சென்ஸாரை மாட்டி, டைனோவில் ஏற்றி, ஒவ்வொரு ஆர்பிஎம்மாக அளந்து செய்வதுதான் டியூனிங். ‘லேப்டாப்ல பத்து நிமிஷம் ப்ரோ’ என்றால், யாரோ ஒருவரின் பைக்குக்குப் போட்ட மேப்பை உங்கள் பைக்கில் ஏற்றுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாரன்டியும் சிக்கலாகும். மாசு, இரைச்சல் விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். 3 மாதத்துக்கு லைசென்ஸும் பறிபோகலாம்.

மைலேஜ் குறைந்தால்?

முதலில் கணக்குப் போடுங்கள். பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கு டியூன் செய்த டூ-வீலர்களில் இ20-ஆல் மைலேஜ் 3 முதல் 4% குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 50 கி.மீ கொடுத்த பைக் 48 கொடுத்தால், அது பெட்ரோலின் வேலை. 40-க்கு இறங்கிவிட்டால், பழியை எத்தனால் மேல் மட்டும் போட முடியாது. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், இன்ஜெக்டரைப் பாருங்கள். முக்கியமாக, சென்ஸாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று புகுந்தால், ‘காற்று அதிகம்’ என்று சென்ஸார் தப்பாகச் சொல்லும். இசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும். சில நூறு ரூபாய் கேஸ்கெட்டில் முடிய வேண்டிய வேலைக்கு, ஆயிரக்கணக்கில் மேப்பிங் செலவு எதற்கு?

தினமும் 100 கி.மீ சுற்றும் டெலிவரி தம்பிக்கு, 50-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு அரை லிட்டர். அடுத்த சர்வீஸில், ‘சென்ஸார் ரீடிங்கை ஸ்கேனர்ல காட்டுங்க அண்ணே’ என்று கேட்டுப் பாருங்கள்.