‘அதெல்லாம் முடிஞ்சிருக்கும்டே!’



மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக் இருக்கும், ஒர்க்‌ஷாப் அனுபவம் இருக்கும். நான் எழுதப் போவது கொஞ்சம் கசப்பான சங்கதி. ஆனாலும் இறுதியாண்டு நண்பர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

எங்க ஊரில் ஒரு அண்ணன். மெக்கானிக்கல் டிப்ளமா. படிக்கிற காலத்தில், பஸ் நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போகிறது என்று நாலு பேரோடு சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தார். ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். பெயர், அப்பா பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சாயங்காலம், “போங்கலே, போய் ஒழுங்கா படிங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று அண்ணன் நினைத்தார்.

நாலு வருஷம் கழித்து வளைகுடாவில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தபோதுதான் தெரிந்தது, அவர் பேரில் பிடிவாரண்ட் இருக்கிறது! இடையில் அவர்கள் வாடகை வீடு மாறியிருந்தார்கள். சம்மன் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. ஆள் ஆஜராகவில்லை, கோர்ட் வாரண்ட் போட்டுவிட்டது. கடைசியில் கேஸ் சில நூறு ரூபாய் அபராதத்தோடு முடிந்தது. ஆனால் அதற்குள் அந்த வேலை போய்விட்டது.

“கேஸ் இருக்கான்னு முன்னாலேயே கேட்டிருக்கலாமே அண்ணே?” என்றேன். “எல்லாரும் ‘அதெல்லாம் முடிஞ்சிருக்கும்டே’ன்னாங்க” என்றார்.

நண்பர்களே, ‘முடிஞ்சிருக்கும்’ என்பது ஒரு பதிலா? மோட்டாரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ‘இருக்காது’ என்று கை வைப்போமா?

இது ஒருவர் கதை மட்டுமல்ல. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் மீனவ மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கு என்று செய்தி வந்தது. இதுபோன்ற வழக்குகளில் சிலர் பெயர் மட்டும் இருக்கும், மீதி எல்லாம் ‘மற்றும் பலர்’. அந்தப் ‘பலரில்’ நான் இருக்கிறேனா, நீ இருக்கிறாயா? யாருக்குத் தெரியும்?

பக்கத்தில் கூடங்குளம், இடிந்தகரை. அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்தில் 2011, 2012-ல் வழக்குகள் குவிந்தன. 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் அணுஉலைக்குப் பச்சைக்கொடி காட்டிய அதே தீர்ப்பில், போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் மறுவருஷம், 2014-ல், போராட்டத் தலைவர் நாகர்கோவில் சுப. உதயகுமார் நேபாளம் போகக் கிளம்பியபோது டெல்லி விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். 2021-ல் தமிழக அரசு இந்த வழக்குகளையும் சேர்த்து வாபஸ் பெறுவதாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அறிவிப்பு வேறு, வாபஸ் வேறு. கோர்ட்டுக்குப் போய்விட்ட கேஸை அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிபதி சம்மதித்தால்தான் வாபஸ். பேப்பரில் செய்தி படித்துவிட்டு, ‘நம்ம கேஸும் போச்சு’ என்று இருந்துவிடக் கூடாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், எஃப்.ஐ.ஆர். 2016 செப்டம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி, ரகசியம் காக்க வேண்டிய வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களைப் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதோடு, ‘என் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்குமோ’ என்று சந்தேகப்படுகிறவர்கூட, தன் சார்பில் ஒருவரை அனுப்பி, ஸ்டேஷனிலோ எஸ்.பி.யிடமோ கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். இது சலுகை அல்ல, உரிமை.

இரண்டாவது, கோர்ட். நாகர்கோவில், பூதப்பாண்டி, இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை... எந்த ஊர் கோர்ட் என்றாலும் ‘ஈ-கோர்ட்ஸ்’ தளத்தில் பெயரையோ, எஃப்.ஐ.ஆர். எண்ணையோ போட்டு இலவசமாகத் தேடலாம். ஒரு எச்சரிக்கை: நம்ம பெயரை இங்கிலீஷில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். இனிஷியல் மாறியிருக்கும். நாலு விதமாக எழுதித் தேடுங்கள். அதே பெயரில் வேறு ஆள் வந்தால் பதறாமல் அப்பா பெயரைப் பாருங்கள். தளத்தில் இல்லை என்பதாலேயே கேஸ் இல்லை என்றும் ஆகாது. சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு வக்கீலையோ, குமாஸ்தாவையோ விட்டுக் கோர்ட் பதிவேட்டில் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.

மூன்றாவது, வாரண்ட் இருக்கும் என்று தோன்றினால் தனியாக ஸ்டேஷனில் போய் நிற்காதீர்கள். வக்கீலோடு கோர்ட்டில் ஆஜராகி வாரண்டை ரத்து செய்ய மனுப் போடுவதுதான் வழி. வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன்?” என்று ஒரு நண்பன் கேட்டான். சங்கு சும்மா கிடந்தால் சரிதான். ஆனால் வாரண்ட் அப்படிக் கிடக்காதே! கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது ஆளைப் பிடிக்கும் வரை அதற்கு உயிர் உண்டு. வருஷம் ஆனதால் அது செத்துப்போவதில்லை.

இன்னொரு பக்கம், தேவையில்லாமல் வெப்ராளப்படவும் வேண்டாம். வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பதாலேயே வழக்கு நிலுவை என்று பாஸ்போர்ட்டை மறுக்கக் கூடாது. கோர்ட் வழக்கை ஏற்று நடத்தினால்தான் நிலுவை என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவாக்கியிருக்கிறது. கோர்ட்டில் நிலுவை இருந்தாலும், அந்தக் கோர்ட்டில் அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் பெற 1993-ம் வருஷ அறிவிக்கை ஒன்று வழி செய்கிறது. நம்மில் பலர் பத்தாவது முடித்து நேராக வந்தவர்கள். 18 வயது முடியாதவர்கள் மீதான வழக்குகள் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வருபவை. மிகக் கொடிய குற்றங்களில் சில விதிவிலக்குகள் தவிர, பிற்காலத்தில் அது தகுதிக்குறைவு ஆகாது என்று 2015-ம் வருஷச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது.

வேலைக்கான படிவத்தில் ‘வழக்கு உண்டா?’ என்று கேட்டால் மறைக்காதீர்கள். சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்திருந்தால்கூட நிர்வாகம் மன்னிக்கலாம் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிக்கலாம் என்றுதான் சொன்னது, மன்னிக்க வேண்டும் என்று அல்ல. கேஸ் இருப்பதைவிட, மறைத்த பொய்தான் வேலையைப் பறிக்கும். ‘ஃபைன் கட்டியாச்சு, கேஸ் இல்லை’ என்று எழுதுவதும் தப்பு. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியது. அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லையா?

ஹெல்மெட் போடாமல் போனால் அபராதம் செல்போனுக்கு வந்து சேருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம், புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் விசாரணை நிலவரத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, ‘உன் கேஸ் முடிந்தது’ என்றோ, ‘கோர்ட்டுக்குப் போய்விட்டது’ என்றோ அதே மாதிரி ஒரு வரி சொல்ல வேண்டாமா? கேஸ் போடத் தெரிந்தவர்களுக்கு அதன் முடிவைச் சொல்ல ஏன் கை வரவில்லை? பயிற்சிக் கூடத்தில் மெஷினை ஓட்டினால், நிறுத்திவிட்டு லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தானே வெளியே வருகிறோம்!

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் ஒருநாள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைத்து ஒரு முகாம் நடத்துங்கள். ஸ்போர்ட்ஸ் டேக்குப் பந்தல் போடுகிற செலவுகூட ஆகாது.

நியாயத்துக்காக ரோட்டில் உட்கார்ந்தது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. அந்தக் கேஸ் என்ன ஆச்சு என்று கேட்பதற்கும் வெட்கம் வேண்டாம் மக்கா. மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ் எல்லாம் சரிபார்க்கிறோம் அல்லவா? இதையும் ஒருதடவை பார்த்துவிட்டுக் கிளம்புவோம்!