கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

கிர்க்கியிலும் பிம்பிரியிலும் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெறும் தமிழன் கையில் கடைசியில் மிஞ்சுவது என்ன? சேமநல நிதியும் பணிக்கொடையும்தான். மகளின் திருமணமும், ஊரில் வாங்க நினைத்த மனையும், முதுமையின் மருந்துச் செலவும் அதற்குள்தான் அடக்கம். அந்தப் பணம் வந்த மறுவாரமே வாசலில் ஒருவர் நிற்கிறார். "நானும் நம்ம ஊர்தாண்ணே" என்கிறார். பங்குச் சந்தையில் போட்டால் இரட்டிப்பாகும் என்கிறார். "இங்கே கையெழுத்துப் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார்.

தோழர்களே, அந்த 'மற்றது' என்ன என்று நாம் கேட்டதுண்டா?

கார்வியின் கதை அதற்கு விடை சொல்லும். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நாடெங்கும் கிளை பரப்பியிருந்த தரகு நிறுவனம் அது. வாடிக்கையாளர்கள் நம்பி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து, அவர்களுடைய பங்குகளையே அடகு வைத்துக் கடன் வாங்கியது. 2019 நவம்பர் 22இல் செபி உத்தரவு போட்ட பிறகுதான் பலருக்கும் விஷயம் தெரிந்தது. 2023இல் அந்த நிறுவனத்துக்கும் அதன் தலைவருக்கும் ஏழாண்டுத் தடை விதிக்கப்பட்டது.

விதிகளும் மாறின. 2020 செப்டம்பர் முதல், பங்கை ஈடு வைக்க வேண்டுமானால் நம் செல்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கொண்டு நாமே ஒப்புதல் தர வேண்டும். அந்த எண்ணையும் தரகரிடமே வாசித்துக் காட்டுகிறவனை எந்த விதி காக்கும்?

தரகரை மட்டும் ஏசிப் பயனில்லை. நாம் வாங்கினாலும் விற்றாலும் அவருக்குக் கூலி உண்டு. நம் லாப நட்டம் அவர் கணக்கில் வராது. ஒரே நாளில் பணக்காரனாகும் ஆசை நம்முடையது. 2021-22 முதல் மூன்றாண்டுகளில் 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டார்கள் என்றும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் 2024இல் செபியே அறிவித்தது.

சொல்லக் கூசும் குற்றம் இன்னொன்றும் உண்டு. கமிஷனுக்காக மச்சானையும் அண்டை வீட்டாரையும் இழுத்து விடுவது! மாதம் 25, 30 விழுக்காடு வட்டி என்று ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டி ஏமாற்றியதாகச் சென்னை ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022இல் வழக்கு எழுந்தது. இப்படிப்பட்ட இடங்களில் முகவராக நிற்பவன் பெரும்பாலும் நமக்கு வேண்டியவன்தான். தமிழன் என்ற உறவைத் தூண்டிலாக்குகிறவன் உறவையே விற்கிறான்.

ஆகவே, ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் ஒப்பமிடாதீர்கள். தரகரின் செபி பதிவு எண்ணைச் சரி பாருங்கள். டெபாசிட்டரியிலிருந்து வரும் கணக்கு அறிக்கையைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தவறு தெரிந்தால் செபியின் 'ஸ்கோர்ஸ்' முறையில் உடனே புகார் செய்யுங்கள். படிவங்களைத் தமிழிலும் மராத்தியிலும் தரச் சொல்லிக் கேட்பது நமது உரிமைக் குரலாகட்டும்.

தரகர் நம்மிடம் கூலி பெறுபவர். அவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல. வியர்வை சிந்திச் சேர்த்த பணம், கேள்வி கேட்காமல் கை மாறக் கூடாது!