'அடுத்த செரீனா எங்கே?'ன்னு கேட்காதீங்க... 'ஹோம்வொர்க் முடிஞ்சதா?'ன்னு கேளுங்க!

"விளையாடிட்டே இருந்தா எப்போ படிப்பே?" - இந்த டயலாக்கைக் கேட்காம வளர்ந்தவங்க நம்மில் குறைவு. அமெரிக்காவில் இதை ஊரறியக் கேட்டவர் ஒரு டென்னிஸ் சாம்பியன். பெயர் ஆர்தர் ஆஷ்.

யார் இவர்?

1943-ல் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் பிறந்த கறுப்பினத்தவர். அப்பா, கறுப்பின மக்களுக்கான ஒரு விளையாட்டுப் பூங்காவின் பராமரிப்பாளர். வீடும் அந்தப் பூங்காவுக்குள்ளேயே. வெள்ளையர்களின் கோர்ட்டுகளில் ஆஷுக்கு அனுமதி இல்லை. அந்தப் பையன்தான் 1968-ல் யு.எஸ். ஓபனையும், 1975-ல் விம்பிள்டனையும் வென்றார்.

1969-ல் சார்லி பசரெல், ஷெரிடன் ஸ்னைடர் ஆகியோருடன் சேர்ந்து, வசதியில்லாத பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுத்தரும் அமைப்பைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் 'நேஷனல் ஜூனியர் டென்னிஸ் அண்ட் லேர்னிங்'. அமெரிக்கா முழுக்க 250-க்கும் மேற்பட்ட லாப நோக்கற்ற அமைப்புகள் இதில் இணைந்திருக்கின்றன.

டென்னிஸ் சரி, டியூஷன் எதுக்கு?

1977-ல் நியூயார்க் டைம்ஸில் கறுப்பினப் பெற்றோருக்கு ஆஷ் ஒரு திறந்த மடல் எழுதினார். சாரம் இதுதான்: பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்புங்கள். மைதானத்தில் 1 மணி நேரம் என்றால், நூலகத்தில் 2 மணி நேரம். ஆயிரத்தில் ஒருவர் ஜெயிக்கலாம், மீதி 999 பேர் என்ன ஆவார்கள்?

அந்த 999 பேருக்கான பதில்தான் இந்தத் திட்டங்கள். பள்ளி 3 மணி வாக்கில் முடிகிறது. அப்பா, அம்மா வேலை முடிந்து வர 6 மணி ஆகிவிடும். அந்த இடைவெளியில் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பான இடம், பாடம் சொல்லித்தர ஒருவர், கையில் ஒரு ரேக்கெட். நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையை 'இன்னொரு வகுப்புக்கு வா'ன்னு கூப்பிட்டா வருமா? டென்னிஸ் இருக்குன்னா வரும்.

அப்போ சாம்பியன்களே வரலையா?

வந்திருக்காங்க. 1972-ல் தொடங்கிய ஹார்லெம் ஜூனியர் டென்னிஸ் திட்டத்தில் சின்ன வயதில் ஆடியவர் ஜேம்ஸ் பிளேக். ஹார்வர்டில் 2 வருடம் படித்தார். 2006-ல் உலகின் நம்பர் 4 வீரரானார். ஆனால், இந்தக் கதையையே திட்டத்தின் அளவுகோலாக வைத்தால் சிக்கல். நன்கொடை தருபவர்களுக்குக் கோப்பையோடு நிற்கும் போட்டோ பிடிக்கும். பின்னக் கணக்கு புரிஞ்ச நாளை யாரும் போட்டோ எடுக்கிறதில்லை. 'சாம்பியன் எங்கே?' என்ற கேள்வி வலுத்தால், திறமையான 4 பேருக்குப் பயிற்சி கூடும். மீதிப் பேருக்கு டியூஷன் டீச்சர் காணாமல் போவார்.

பணம் எங்கிருந்து?

இதுதான் பலவீனமான இடம். வாஷிங்டனில் 1955-ல் தொடங்கிய டென்னிஸ் மற்றும் கல்வி அறக்கட்டளைக்கு, அந்நகரின் தொழில்முறை டென்னிஸ் போட்டி பல ஆண்டுகள் கைகொடுத்தது. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரசுப் பணமும் நிச்சயமில்லை. 2025 ஜூலையில் டிரம்ப் நிர்வாகம், பள்ளி நேரத்துக்குப் பிந்தைய திட்டங்களுக்கான 100 கோடி டாலருக்கும் அதிகமான நிதியை நிறுத்தி வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் விடுவித்தது. நிதி திரும்பி வந்துவிட்டது, சரி. ஆனா, அடுத்த வருஷம் டியூட்டர் வருவாரா, மாட்டாரா என்ற நிலையில் ஒரு பிள்ளையை வைப்பதே தப்பு.

தனியார் நன்கொடை கூடுதல் பலமாக இருக்கட்டும். அடித்தளம் அரசின் நிலையான நிதியாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் தினமும் வந்தார்கள், எத்தனை பேர் பள்ளிப் படிப்பை முடித்தார்கள் - இதைக் கேட்டு நிதி கொடுங்கள். பந்தை வலைக்கு மேல அடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அந்த 3 மணி நேரம் சொந்தம்தான்.