ஊரில் வேலை செய்பவர்களை நம்பிக் கொடுங்கள்
(குடும்ப அறக்கட்டளைகளின் முன் வைக்கும் கோரிக்கைச் சாசனம்)

பெறுநர்: தமிழ்நாட்டுக் குடும்ப அறக்கட்டளைகளின் அறங்காவலர்கள்
முன்வைப்போர்: அவர்களிடம் நிதி பெற்றுப் பணிபுரியும் சிறு தொண்டு நிறுவனங்கள்

பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். உயிலில் அவர் எழுதிவைத்தவை பெரும்பாலும் கோயில் தருமங்கள். நெடுங்கால வழக்குக்குப் பின் உபரிப் பணம் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842-இல் சென்னையில் பள்ளி திறந்தது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. அந்தப் பணம் ஒரே தலைப்புக்குள் முடங்கியிருந்தால் அந்தக் கல்லூரி வந்திருக்காது.

இன்று எங்களுக்கு வரும் நிதியில் அப்படித் தலைப்பு மாற்ற இடம் இல்லை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் ஒன்றுக்கு நடைப்பயிற்சிக் கருவி வாங்கப் பணம் கிடைத்தது. பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டின் சம்பளம் மட்டும் ‘நிர்வாகச் செலவு’ என்று அடித்துவிடப்பட்டது. கருவி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரோரம் நிற்கிறது. பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் அம்மா, ஆள் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போகிறார்.

ஆகவே கோருகிறோம்:

1. சம்பளம், வாடகை, மின்கட்டணம், ஆடிட்டர் செலவு எல்லாவற்றையும் திட்டச் செலவாகவே ஏற்க வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான (சிஎஸ்ஆர்) விதிகளில் உள்ள 5 சதவீத வரம்பு, கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. குடும்ப அறக்கட்டளைக்கு அது பொருந்தாது. அதைக் காட்டி எங்கள் ஊழியர்களின் சம்பளத்தை வெட்டாதீர்கள்.

2. நிதியை மூன்றாண்டுக்கு உறுதி செய்ய வேண்டும். மார்ச்சில் முடியும் ஒப்பந்தத்தை நம்பி நல்ல ஆசிரியர் யாரும் மாலை வகுப்புக்கு வரமாட்டார்.

3. விண்ணப்பத்தையும் அறிக்கையையும் தமிழில் ஏற்க வேண்டும். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவருக்கே நிதி என்றால், நகரத்து நிறுவனங்களைத் தாண்டி உங்கள் பணம் போகாது.

4. முதல் தவணையை வேலை தொடங்குமுன் தர வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கிறது. நோட்டுப் புத்தகத்துக்கான பணம் டிசம்பரில் வந்து என்ன பயன்?

5. சில்லறைச் செலவுக்கு எங்கள் வவுச்சரே போதும் என ஏற்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் ஜிஎஸ்டி பில் கேட்டால் ஓட்டுநர் சிரிப்பார்.

6. நிதி ஒதுக்கும் குழுவில் குடும்பத்துக்கு வெளியே, களத்தில் வேலை செய்த இருவராவது இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

7. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத் திருத்தத்தைத் திரும்பப் பெறுமாறு ஒன்றிய அரசிடம் எங்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். அந்தத் திருத்தத்தால், வரிவிலக்கு பெற்ற ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்கு 100 ரூபாய் கொடுத்தால், வரிக் கணக்கில் 85 ரூபாய்தான் செலவாக ஏறுகிறது. அதே 100 ரூபாயைத் தானே செலவழித்தால் முழுதும் ஏறும். பகிர்ந்து கொடுப்பவருக்குத் தண்டனை, தனித்து நடத்துபவருக்குச் சலுகை என்பது நியாயமில்லை.

எங்கள் பொறுப்பையும் சொல்லிவிடுகிறோம். ஆண்டுதோறும் வரவு செலவைத் தமிழில் எழுதி, பயன்பெறுவோர் கூட்டத்தில் வாசிப்போம். பலிக்காத முயற்சியை அறிக்கையில் மறைக்கமாட்டோம். எந்த நேரமும் வந்து கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம்; முன்னறிவிப்பு வேண்டாம்.

கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. அதை நாங்கள் மறுக்கவில்லை. எந்தச் செலவு முதலில் என்று முடிவு செய்யும் உரிமையை ஊரில் இருப்பவர்களிடம் விடுங்கள் என்கிறோம். இந்த ஏழு கோரிக்கைகளையும் உங்கள் அடுத்த அறங்காவலர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஏற்பதையும் மறுப்பதையும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.