இரண்டாம் பிறந்த நாளும் தட்டம்மையும்

2025ஆம் ஆண்டு சனவரி இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மேற்குப் பகுதியில் தட்டம்மை பரவத் தொடங்கியது. தடுப்பூசி போடாத இரண்டு குழந்தைகள் அங்கே இறந்தார்கள். 2000ஆம் ஆண்டிலேயே இந்நோயை ஒழித்துவிட்டதாக அறிவித்த நாடு அது. அங்கே அந்த ஓராண்டில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அண்டை நாடான கனடாவோ, தட்டம்மை ஒழிந்த நாடு என்ற தகுதியையே அதே ஆண்டு நவம்பரில் இழந்தது. பெற்றோரின் உரிமையா, அரசின் கட்டாயமா என்று விவாதங்கள் நடந்தன. அன்பார்ந்தவர்களே, அந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாத ஒரு கூட்டத்தாரைப் பற்றி இங்கே சிந்திப்போம். இரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களே அவர்கள்.

இந்தச் சிகிச்சையின் முன்னோடி டாக்டர் டொனால் தாமஸ். அதற்காக அவருக்கு 1990இல் நொபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும், வேலூர் சி.எம்.சி.யில் 1986இலும் இது தொடங்கியது. முதலில் கடுமையான மருந்துகளாலும், சிலருக்குக் கதிர்வீச்சாலும், நோயுற்ற எலும்பு மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு கொடையாளரின் ஸ்டெம் செல்களை, இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் வழி கண்டுபிடித்துக் குடியேறுகின்றன. (சிலருக்கு அவர்களுடைய சொந்தச் செல்களையே எடுத்துவைத்துத் திரும்பக் கொடுப்பதுண்டு; அவர்கள் சற்று விரைவாகத் தேறுவார்கள்.)

புதிய மஜ்ஜை வேலை செய்யத் தொடங்குவது இரண்டு முதல் நான்கு வாரங்களில். பாக்டீரியாவை எதிர்க்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் அப்போது தலைகாட்டும். நோயாளர் வீடு திரும்புகிறார். சில மாதங்களில் முடி வளர்கிறது, முகத்தில் களை வருகிறது. ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று உறவினர்கள் நினைத்துவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான்.

எதிர்ப்புப் பொருள்களை உருவாக்கும் பி செல்கள் முழுமையாகத் திரும்ப ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு ஆகும். முழுப் படைக்கும் வழிகாட்டும் டி செல்கள் அதைவிடத் தாமதம். டி செல்களுக்குப் பயிற்சி கொடுப்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே போகும். எனவே எட்டு வயதுச் சிறுவன் தேறும் வேகத்தில் ஐம்பது வயதுக்காரர் தேறுவதில்லை. கொடையாளரின் செல்கள் நோயாளரின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாக எண்ணித் தாக்கினால், அதை அடக்க மருந்து கொடுக்க வேண்டும். அந்த மருந்து எதிர்ப்பாற்றலை மேலும் பின்னுக்குத் தள்ளும்.

மாற்று சிகிச்சை நடந்த நாளை இவர்கள் ‘இரண்டாம் பிறந்த நாள்’ என்பார்கள். அது வெறும் உவமை அன்று. சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பு பெரும்பாலும் மறைந்துபோகிறது. எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். பார்க்கப்போனால் பச்சிளங்குழந்தையின் நிலை இதைவிட மேல். அதற்குத் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள்களாவது சில மாதங்களுக்கு இருக்கும்.

நிமோனியா தடுப்பூசியை மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்குவார்கள். தொண்டை அடைப்பான், இரணசன்னி போன்றவற்றுக்கான ஊசிகள் அதையொட்டி வரும். தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பதோ வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள கிருமி. இரண்டு ஆண்டுகள் முடியும்வரை அதை இவர்களுக்குப் போட முடியாது. அந்த இரண்டு ஆண்டுகளும் இவர்களைக் காப்பது சுற்றியிருப்பவர்களின் தடுப்பூசிதான். நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் இந்நோய் பரவ வழியின்றி நிற்கும். தட்டம்மை கண்டவர் அறையை விட்டுப் போன பின்பும் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் நிற்கும். எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு அது வந்தால் மேலில் தடிப்பே தெரியாமல் நேரே நுரையீரலையோ மூளையையோ தாக்கக்கூடும்.

தமிழகத்துக்கும் இது புதிதன்று. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் எத்தனை வதந்திகள்! பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள்.

கத்தோலிக்கரிடையே வேறொரு தயக்கமும் உண்டு. ரூபெல்லா தடுப்பூசிக்கான கிருமி, 1960களில் கருக்கலைப்பு செய்யப்பட்ட கருவிலிருந்து பெறப்பட்ட செல்களின் வழிவந்தவற்றில் வளர்க்கப்படுகிறது. மனச்சான்று உறுத்துவது இயல்பே. இதைப் பாப்பிறை வாழ்வுக் கழகம் 2005இல் ஆராய்ந்தது. மாற்று மருந்து கேட்டுக் குரல் கொடுங்கள், அது இல்லாதபோது பிள்ளைகளையும் மற்றவர்களையும் காக்க இதைப் பயன்படுத்தலாம் என்றது. 2017இல் இன்னும் தெளிவாக, தடுப்பூசி போட்டுக்கொள்ள இயலாத எதிர்ப்பாற்றல் குறைந்தோரையும் கருவுற்ற தாய்மாரையும் காப்பது நம் அறநெறிக் கடமை என்றது. இந்த 2017ஆம் ஆண்டுக் குறிப்பு நம் பங்குகளில் போதிய அளவு வாசிக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

இனி வீட்டு அளவில் சில. நோயாளரின் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சொட்டு மருந்தின் கிருமி உயிருள்ளது, குழந்தையின் மலத்தில் வெளியேறும். அந்த வீட்டுக் குழந்தைக்குப் போலியோ ஊசியே பொருத்தம். நலம் விசாரிக்கப் பழக்கூடையும் பூங்கொத்துமாகப் பத்துப் பேர் சேர்ந்து போவது நம் வழக்கம். சளியோ காய்ச்சலோ உள்ளவர் போகவே வேண்டாம். பூவிலும் மண்ணிலும் கட்டட வேலைத் தூசியிலும் பூஞ்சைக் காளான் இருக்கும், எனவே பூங்கொத்தைத் தவிர்த்துவிடுங்கள். அன்பியக் கூட்டத்தை அந்த வீட்டில் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். அவர் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு, மருத்துவர்தான் தடுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

இரண்டு ஆண்டுகள் நிறைந்த பின், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் நின்றிருந்தால், மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துத் தட்டம்மை ஊசியைப் போடச் சொல்வார். மருந்து நிற்காதவர்கள் மேலும் காத்திருக்க வேண்டும்.