தோம்பை மூடுங்கள்

கல்யாணமோ அடக்கமோ கிறிஸ்துமஸ் விருந்தோ, தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "இப்பல்லாம் பூசைக்குப் போறியாம்மா?" கேட்கிற பெரியம்மாவுக்கோ ஞானத்தகப்பனுக்கோ பதில் முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள், அதுவும் நாலு பேர் காதில் விழும்படி. கேட்கப்பட்டவர் சிரித்து மழுப்பிவிட்டு, அடுத்த விருந்துக்கு வராமலிருக்கக் காரணம் தேட ஆரம்பிப்பார். திருச்சபையை விட்டுப் போனவர்களைத் திரும்ப அழைக்க நம்மிடம் இருக்கும் முறை இதுதான் என்றால், அவர்கள் வராமலிருப்பதில் வியக்க ஒன்றுமில்லை.

நான் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கன். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை, கிள்ளானில் பூசை. எங்கள் வீட்டிலேயே அக்கா ஆறு வருஷமாகப் பெந்தேகோஸ்தே சபைக்குப் போகிறாள். சித்தப்பா மகன் எங்கேயும் போவதில்லை. இரண்டு பேரும் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். மதத்தை விட்டுத்தள்ளச் சொல்லும் கட்டுரை இது இல்லை. என் சண்டை கூப்பிடுகிற விதத்தோடு.

அதற்கு முன் இலக்கிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "போனவங்களை எதுக்குக் கூப்பிடணும்? அது அவங்க சொந்த விஷயம்" என்பார்கள். ஒரு நாவலைப் படித்தே ஆக வேண்டும் என்று மூன்று மாதம் நம்மைத் துரத்துகிறவர்களும் இவர்களேதான். தன்னைத் தாங்கிப் பிடித்த ஒன்றைத் தனக்குப் பிடித்தவர் கையில் கொடுக்க நினைப்பது எப்படி ஆக்கிரமிப்பாகும்? அக்கா எனக்கு யாரோ என்றால் அவள் எங்கே செபித்தால் எனக்கென்ன? கூப்பிடலாம். எந்தத் தகுதியில், எந்தக் கையோடு கூப்பிடுகிறோம் என்பதுதான் பிரச்சினை.

தமிழர்களிடையே இதற்கு ஒரு முன்கதை உண்டு. யாழ்ப்பாணக் கதை, ஆனால் நமக்கு அந்நியமில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு.

1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். கோயில்களைத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு தோம்பைத் திறந்தார்கள். தோம்பு என்றால் பதிவேடு. காணிக்குத் தோம்பு இருந்ததுபோல பள்ளிக்கூடத்துக்கும் தோம்பு இருந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் அதில் ஏற வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றவருக்கு அபராதம். ஊர் முழுக்கத் தோம்பில் டச்சுச் சபைக் கிறிஸ்தவர்கள். வீட்டுக்குள் சிலர் செபமாலை சொன்னார்கள், சிலர் திருநீறு பூசினார்கள்.

ஏறத்தாழ முப்பது வருஷம் குருவே இல்லாத அந்த ஊருக்கு 1687இல் யோசேப் வாஸ் என்ற கோவாக் குரு வந்து சேர்ந்தார். தூத்துக்குடி வழியாக, கூலியாள் கோலத்தில் வந்தார். வந்தவுடன் கடும் வயிற்றுப்போக்கு. தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். யார் கண் அந்த மாலையில் நிற்கிறது என்று பார்த்தார். "நீ கத்தோலிக்கனா, ஏன் டச்சுக் கோயிலுக்குப் போனாய்?" என்று கேட்டுக்கொண்டு போகவில்லை. கேட்டிருந்தால் அடுத்த நாளே பிடித்துக் கொடுத்திருப்பார்கள். அவர் காத்திருந்தார். அவர்களாகவே மெல்ல வாய் திறந்தார்கள். பிறகு சில்லாலையில் தங்கி, இரவில் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஒரு கிறிஸ்துமஸ் இரவில் டச்சுக்காரர்கள் புகுந்து, பூசைக்கு வந்த பலரைப் பிடித்துத் தண்டித்தார்கள். அவர் தப்பி, புத்தளம் போய், 1692இல் கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கீசிய உளவாளி என்று சிறை. 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, ஊரார் ஓடிய இடத்தில் இருந்து நோயாளிகளைக் கவனித்தார். 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கட்டாயம் போனதும் 137 ஆண்டுத் தோம்புக் கிறிஸ்தவம் கரைந்துபோனது. சில்லாலை இன்றும் கத்தோலிக்க ஊர். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், அபராதம், பதிவேடு, படை. இன்னொரு பக்கம் வயிற்றுப்போக்கிலிருந்து எழுந்த ஒரு பிச்சைக்காரர்.

வாஸைப் புனிதர் என்று கொண்டாடும் நாம், வீட்டுக்குள் நடத்துவது டச்சுக்காரன் வேலையைத்தான். யார் வந்தார், யார் வரவில்லை, யார் தவக்காலத்தில் இறைச்சி தின்றார், யார் மகள் கோவிலில் தாலி கட்டிக்கொண்டாள், யார் மகன் ரெஜிஸ்டர் கல்யாணத்தோடு நின்றுவிட்டான், எல்லாம் பெரியவர்கள் மனசுக்குள் ஏறியிருக்கிறது. தேவைப்படும்போது பக்கத்தைப் புரட்டுவார்கள். அபராதம் பணமாக இருக்காது. அம்மாவின் கண்ணீராக இருக்கும். "நீ இப்படி இருக்கிறதாலதான் அப்பாவுக்கு உடம்பு முடியல" என்ற ஒரு வாக்கியமாக இருக்கும்.

தோம்பு எப்படி வலிக்கும் என்று மலேசியாவில் இருக்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லீனா ஜாய் வழக்கை நினைத்துப் பாருங்கள். முஸ்லிமாகப் பிறந்து, 1998இல் ஞானஸ்நானம் பெற்ற பெண். அடையாள அட்டையிலிருந்து 'இஸ்லாம்' என்ற சொல்லை எடுக்கத் தேசியப் பதிவு இலாகா மறுத்தது. 2007 மே 30 அன்று கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் மேல்முறையீட்டைத் தள்ளியது. அன்றைக்கு நம்மவர்கள் எவ்வளவு வேதனைப்பட்டார்கள்! ஒரு மனுஷியின் விசுவாசம் அவள் நெஞ்சில் இருக்கிறதா, இலாகாவின் பதிவில் இருக்கிறதா என்று கேட்டார்கள். சரியான கேள்வி. அதே கேள்வியை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கேட்க வேண்டாமா? அங்கே சட்டம் கதவைப் பூட்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சட்டம் பூட்டவில்லை, நாம் பூட்டுகிறோம்.

ஊதாரி மகன் கதையை எல்லாரும் சொல்வார்கள். லூக்கா நற்செய்தியில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிப்பதில்லை. பன்றி மேய்த்த இடத்திலேயே அவன் ஒரு மன்னிப்புப் பேச்சை ஒத்திகை பார்த்துவிட்டுக் கிளம்புகிறான். என்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் கடைசிப் பகுதி. அப்பாவிடம் வந்து பாதிதான் சொல்கிறான். கூலியாள் பகுதி வருவதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, துணி கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்கிறார். நம் வீட்டு அப்பாக்களோ முழுப் பேச்சையும் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்பார்கள்.

அம்மாக்களுக்குப் புனித மோனிக்கம்மாள் இருக்கிறார். மகன் அகுஸ்தீனுக்காக வருஷக்கணக்கில் அழுதவர். கடல் தாண்டி மிலான் வரை அவன் பின்னால் போனவர். 387 உயிர்ப்புத் திருநாளில் அவன் ஞானஸ்நானம் பெற்றதைப் பார்த்தவர். நம் மேடைகளில் அந்தக் கண்ணீரை மட்டும் பேசுகிறார்கள். அகுஸ்தீனே எழுதியிருக்கும் இன்னொரு நிகழ்ச்சியைப் பேசுவதில்லை. மகனோடு வாதாடச் சொல்லி அம்மா ஓர் ஆயரிடம் கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். இப்போது பேசினால் ஏறாது, விடுங்கள், செபியுங்கள் என்று அனுப்பினார். தவக்காலத்துக்குத் தவக்காலம் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் பிரசங்க வீடியோ அனுப்புகிற அம்மாக்களுக்கு அந்த ஆயரை யாராவது அறிமுகப்படுத்த வேண்டும்.

இதெல்லாம் குணம் பற்றிய பேச்சு. இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று இருக்கிறது. 'வா' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு வழி தெரியாது.

போனவர்களில் பலர் கொள்கைச் சண்டை போட்டுப் போனவர்கள் இல்லை. கல்யாணத்தால் நின்றவர்கள். இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள், பதிவுத் திருமணத்தோடு விட்டுவிட்டார்கள், இனி நன்மை வாங்க முடியாது என்று யாரோ சொன்னார்கள், பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இருபது வருஷம் ஓடிவிட்டது. திருச்சபைச் சட்டத்தில் இப்படிப்பட்ட திருமணத்தை ஒழுங்குபடுத்த வழி இருக்கிறது. கணவன் இந்துவாகவே இருக்கலாம். அதற்கு ஆயரின் அனுமதி உண்டு. புதிதாகச் சம்மதம் சொல்ல அவர் தயங்கினால், பழைய சம்மதத்தையே ஏற்றுச் செல்லுபடியாக்கும் முறைகூட உண்டு. முறிந்த திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று அறிவிக்கும் விசாரணையை 2015இல் போப் பிரான்சிஸ் சுருக்கினார். முன்பு இரண்டு ஒத்த தீர்ப்புகள் வேண்டும், இப்போது ஒன்று போதும். பெந்தேகோஸ்தே சபையில் தண்ணீரில் மூழ்கி எழுந்த என் அக்கா நாளைக்கே திரும்பினாலும், அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. குழந்தையில் பெற்றது அப்படியே நிற்கிறது. அதை யாராலும், அவளாலும், அழிக்க முடியாது என்பதுதான் நம் திருச்சபையின் போதனை. இந்த நல்ல செய்தியை எத்தனை பேர் அவளிடம் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. 'போனவள்' என்று சொன்னவர்கள்தான் உண்டு.

பெந்தேகோஸ்தே பாஸ்டர்களைத் திட்டுவது நம்மிடையே ஒரு பொழுதுபோக்கு. ஆடு திருடர்கள் என்போம். என் அக்காவின் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது விடியற்காலை மூன்று மணிக்கு வந்து நின்றது ஒரு பாஸ்டரும் அவர் மனைவியும். அக்கா தன் பங்கு அலுவலகத்துக்குப் போன் பண்ணியிருந்தாள். அலுவலக நேரம் எப்போது என்று பதிவுக்குரல் சொன்னது. அந்தப் பாஸ்டரின் இறையியலோடு எனக்கு நூறு சண்டை உண்டு. அந்த மூன்று மணியோடு எனக்குச் சண்டை கிடையாது. அன்றைக்கு யோசேப் வாஸ் செய்கிற வேலையை அவர் செய்தார், நாம் தோம்பை வைத்துக்கொண்டிருந்தோம்.

"அப்படின்னா எதுவும் கேட்காம சேத்துக்கணுமா? கண்டிக்காத அன்பு என்ன அன்பு?" என்று பங்கில் ஓர் அண்ணன் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. பாவசங்கீர்த்தனம் இருக்கட்டும். திருமணச் சட்டம் இருக்கட்டும். வாஸ் எதையும் தண்ணீர் கலந்து கொடுக்கவில்லை. ஆனால் அவர் வரிசை வேறு. முதலில் வாசலில் நின்றார், பசி என்றார், அவர்கள் கையால் சாப்பிட்டார், பிறகு அவர்களாகப் பேசும்போது கேட்டார். கடைசியில் வந்தது பாவமன்னிப்பு. நாம் கடைசியில் வர வேண்டியதை வாசலிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே வந்தால்தான் சோறு என்கிறோம். அக்கா வீட்டில் போய் ஒரு வேளை சாப்பிடாதவர், அவள் பிள்ளை பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர், அவளைக் கண்டிக்க எந்தக் கடையில் உரிமை வாங்கினார்?

வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். அந்தப் பூசைக் கேள்வியை ஒரு வருஷம் கேட்காதீர்கள். அந்த வருஷத்தில் நான்கு முறை அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஏதாவது உதவி கேளுங்கள். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். கழுத்தில் செபமாலை இருந்தால் இருக்கட்டும், மறைக்க வேண்டாம், காட்டவும் வேண்டாம். அவர்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் எழுந்து வாருங்கள்.

பங்குகளிடம் கேட்பது இன்னும் சுலபம். அறிவிப்புப் பலகையில் கட்டட நிதிக்கு இடம் இருக்கிறது, யாத்திரைக்கு இடம் இருக்கிறது. அதில் தமிழில் மூன்று வரி வேண்டும். திருமணச் சிக்கல் உள்ளவர்கள் யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயரும் எண்ணும். பாவசங்கீர்த்தனம் எப்போது என்ற நேரம், அதில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கும் ஒரு நேரம். எங்கள் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர வேலை பார்க்கிறவனுக்குச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்பது தூக்க நேரம். மூன்றாவது வரி, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு யாரைக் கூப்பிடுவது என்பது. அந்த எண்ணை எடுத்துப் பேச ஓர் ஆள், பதிவுக்குரல் அல்ல.

போன மாதம் ஒரு பங்குக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். யோசிக்கிறோம், தம்பி, என்றார்கள். அடுத்ததாக, பங்கில் பதிவு செய்யாத குடும்பங்களின் பட்டியலைப் புதுப்பிப்பது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.